வாழ்க்கை வரலாற்றால் மௌத்தானவன் எழுதிக்கொள்வது

கீழக்கரை,
வெள்ளிக்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு.

அன்புள்ள மைத்துனரும், ‘கரையோர நேசர்கள்’ வாட்ஸப் குழுமத்தின் நிறுவனரும், முதன்மை அட்மினும், வரலாற்றுக் கமிட்டித் தலைவருமான காஜா நவாஸ் அவர்களுக்கு, உன் லாத்தா சல்மாவின் மாப்பிள்ளை ஹாஜா முகைதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் நான் உயிரோடு இருக்கிறேன். அவ்விடம் தோஹாவில் நீயும் உன் வீட்டாரும் அவ்வாறே இருக்க துஆச் செய்கிறேன். மற்றவர்கள் கடிதத்தில் இந்த வரியை யாரும் நின்று படிப்பதில்லை. உன் கமிட்டி இதற்கு ஆதாரம் கேட்டிருப்பதால் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறேன், தாளின் பின்பக்கம் தடவிப் பார்த்தால் தெரியும்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நீ கேட்க மாட்டாய், ஏனென்றால் கேட்டதே நீதான். “மரணத்தின் காரணமாக நீக்கப்பட்ட உறுப்பினர் மீண்டும் சேர விரும்பினால்” என்று ஒரு விதி எழுதியிருக்கிறாயே தம்பி, அதை எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா? அப்படிப்பட்டவர் தன் கைப்பட விண்ணப்பம் எழுத வேண்டுமாம், அவர் உயிரோடு இருப்பதற்கு இரண்டு உறுப்பினர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டுமாம். பென்ஷன் வாங்குகிறவன்கூட வருஷத்துக்கு ஒருமுறை விரல் ரேகையை வைத்துவிட்டு உயிரோடு வீட்டுக்குப் போய்விடுகிறான். நான் உன் அக்காவைக் கட்டியவன், என் கல்யாணத்தில் என் மடியில் உட்கார்ந்து சர்பத்தை என் வேட்டியில் கொட்டியவன் நீ, உனக்கு நான் இருப்பதற்குச் சாட்சி வேண்டும்.

சரி, கேட்டுவிட்டாய். நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன், கமிட்டி கோப்பில் வைத்துக்கொள்ளட்டும்.

குழுமம் தொடங்கிப் பத்து வருஷம் ஆகிறது, நம் குழுமத்துக்கு ஒரு வரலாறு வேண்டும் என்று ஆரம்பித்தது நீ. குழுமத்தின் வரலாறு என்றால் என்ன, காலையில் ஒருவன் ரோஜாப் பூ படம் போடுவான், பத்துப் பேர் அதே ரோஜாவைத் திருப்பிப் போடுவார்கள், மத்தியானம் இருதய அடைப்புக்கு இஞ்சிச் சாறு, சாயங்காலம் சண்டை, அதோடு சரி. அதைச் சொன்னால் உனக்குக் கோபம் வந்தது. “குழுமம்னா ஆளுக மச்சான். ஆளுக வரலாறுதான் குழும வரலாறு” என்று தத்துவம் பேசினாய். அதற்கு ஒரு விதியும் போட்டாய்: யாரும் தன் கதையைத் தானே எழுதக் கூடாது, மற்ற உறுப்பினர்கள் எல்லாரும் சேர்ந்து எழுத வேண்டும், இணையத்தில் ஆளுக்கு ஒரு பக்கம், யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். சம்பந்தப்பட்டவன் மட்டும் தொடக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. உலகத்தில் எந்த ஊரிலாவது ஒருவனைப் பற்றி அத்தனை பேரும் பேசுவார்கள், அவன் மட்டும் பேசாமல் கிடப்பான் என்றால் அது எந்த வீடு என்று நீ அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

எழுதினார்களே எழுத்து! துபாயில் சூப்பர் மார்க்கெட் வைத்திருப்பவனுடைய பக்கம் பாம்பன் பாலம் மாதிரி நீண்டுகொண்டே போகிறது, ஏனென்றால் எழுதுகிறவன் எவனுக்கும் ஒரு மகனோ மச்சானோ வேலை இல்லாமல் இருக்கிறான். வேலையை விட்டு வந்தவன் பக்கத்தில் நாலு வரி, அதிலும் இரண்டு வரி அவன் வாப்பாவைப் பற்றி. என் பக்கத்தை என் மகள் சுஹா ஷார்ஜாவிலிருந்து படித்துக் காட்டினாள். நான் ஷார்ஜாவில் முப்பது வருஷம் சரக்குக் கிட்டங்கியில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன், அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் எனக்கு முதன்முதலில் விசா வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று ஐந்து பேர் எழுதியிருக்கிறார்கள். ஐந்து விசாவில் நான் எதில் போனேன் என்பது எனக்கே தெரியவில்லை. எனக்கு அரபி கற்றுக் கொடுத்தது ஒருவன், கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தது ஒருவன், நான் இன்றுவரை கார் ஓட்டியதில்லை. எல்லாரும் என் கதையில் தன் கதையைச் சொருகிவிட்டுப் போனார்கள், என் கதையில் என்னைக் காணோம். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் ‘முன்கோபி, ஆனால் நல்லவர்’ என்று எழுதியிருக்கிறான். அடுத்தவன் வந்து ‘நல்லவர்’ பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ‘ஆதாரம் தேவை’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான். முன்கோபிக்கு எவனும் ஆதாரம் கேட்கவில்லை.

இதோடு விட்டிருந்தாலும் மானம் போனது மட்டும்தான் என்று இருந்திருப்பேன். நீ இந்தப் பக்கங்களை எல்லாம் சுருக்கி, படத்தோடு, தினம் ஒருவராகக் குழுமத்தில் வெளியிட வேண்டும் என்று சீனி முகம்மதிடம் பொறுப்பைக் கொடுத்தாய். உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? சீனி முகம்மது எட்டு வருஷமாக இந்தக் குழுமத்தில் எழுதுவது ஒன்றே ஒன்று, மரண அறிவிப்பு. நம் ஊரில் ஒருவனை முழுசாக அறிமுகம் செய்வது அவன் மௌத்தான அன்றைக்குத்தான். இன்ன தெருவைச் சேர்ந்த இன்னாரின் மகனும், இன்னாரின் மருமகனும், இன்னாரின் மச்சானும், இன்னாரின் தகப்பனாருமான என்று ஊர்வலமாக வந்து கடைசியில்தான் பேர் வரும். அவனுக்குத் தெரிந்த வாழ்க்கை வரலாறு அது ஒன்றுதான். பாவி, அதே மாதிரியே எழுதி, அதே கறுப்பு ஓரம் போட்ட சட்டத்துக்குள் என் பாஸ்போர்ட் படத்தை ஒட்டி, அதிகாலை சுபுஹு தொழுகை முடிந்த கையோடு போட்டுவிட்டான். முதல் ஆளாக நான்தான் சிக்கினேன், அகர வரிசையாம். அகரத்தில் எப்படி ஹாஜா முதலில் வருவான் என்று கேட்டால், “போன்ல அப்புடித்தான் வந்துச்சு காக்கா” என்கிறான்.

வபாத், மரணம் என்ற வார்த்தையே அதில் இல்லை என்று அவன் சத்தியம் செய்கிறான். உண்மைதான், இல்லை. நம் ஆட்கள் அதுவரை எங்கே படித்தார்கள்? மகனும், மருமகனும், மச்சானும் என்று கண்ணில் பட்டாலே விரல் தானாக இன்னா லில்லாஹி என்று இரங்கல் அடித்துவிடும். ஒருவன் அடித்தான், அவ்வளவுதான், குழுமம் முழுக்க அடித்தார்கள். ‘நல்ல மனிதர், ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று ஒருவன் எழுத, அதையே அவன் பேரோடு சேர்த்து வெட்டி ஒட்டிப் பத்துப் பேர் போட்டார்கள். ஒருவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். நான் செத்ததற்கு! அவன் யார் என்று எனக்குத் தெரியும், அவன் மகளுக்கு நிக்காஹ் வரும், அழைப்பு வரும், அன்றைக்கு நானும் கட்டை விரலைத்தான் காட்டப் போகிறேன்.

இங்கே வீட்டில் உன் லாத்தா அடுப்படியில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். தெருப் பெண்கள் நாலு பேர் விறுவிறுவென்று வந்து அவளைக் கட்டிப் பிடித்து ஓவென்று அழ, அவளும் மாவுக் கையோடு அழத் தொடங்கிவிட்டாள். யாருக்கு என்று கேட்கவில்லை, அழுகிறவர்களைப் பார்த்தால் கூட அழுவதுதானே மரியாதை. நல்லா அழுது மூக்கைச் சிந்திய பிறகுதான் கேட்டாளாம், “யாருக்குடீ?” என்று. “ஒன் மாப்புள்ளைக்குத்தான் லாத்தா” என்றதும், “அவர் கொல்லையில பல்லு வெளக்கிக்கிட்டுல்ல இருக்காரு” என்றிருக்கிறாள். அதற்கு ஒருத்தி, “பாவம், அதிர்ச்சியில பேசுறா, தண்ணி குடுங்க” என்றாளாம். நான் வாயைக் கொப்பளித்துவிட்டு முன்பக்கம் வந்தால் வாசலில் கூட்டம். தொப்பி போட்ட ஒருவர், நம் ஊர்க்காரர் இல்லை, என் தோளைத் தொட்டு மெதுவாக, “காக்கா, மையத்து எங்கன வச்சிருக்கு?” என்று கேட்டார். “இந்தா, இங்கன நிக்கிது” என்றேன். அவருக்குப் புரையேறிவிட்டது, பெரியபட்டினத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவராம். பள்ளிவாசலிலிருந்து மையத்தைச் சுமக்கும் சந்தூக்கைத் தூக்கிவர இரண்டு பேர் புறப்பட்டும்விட்டார்கள். உயிரோடு இருக்கிறவன் தன் சந்தூக்கைத் தானே திருப்பி அனுப்பியது நம் ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

சிரிக்கிறாயா? சிரி. சுஹா போன் செய்தாள். நான் எடுத்து “என்னம்மா” என்றேன். அப்புறம் “வாப்பா, நீங்களா?” என்று கேட்டு ஒரு அழுகை அழுதாள் பார், அந்த அழுகைக்கு உன் குழுமத்தையும், உன் பத்தாண்டு விழாவையும், சீனி முகம்மதின் கறுப்பு ஓரத்தையும் நான் மன்னிக்கவே மாட்டேன். மாசமாக இருக்கிற பிள்ளை. இந்த இடத்தில் நான் விளையாட்டுக்கு எழுதவில்லை.

உடனே குழுமத்தில் நான் இருக்கிறேன் என்று எழுதலாம் என்று போனைத் திறந்தால், நான் குழுமத்தில் இல்லை. இரங்கல் தெரிவித்த மறு நிமிடமே நீ என் நம்பரைத் தூக்கிவிட்டாய். மௌத்தானவர் போனில் நம் அரட்டை தொடர்ந்து போய்க்கொண்டிருந்தால் வீட்டார் மனசு புண்படும் என்று உனக்கு ஒரு நல்ல எண்ணம். உன் லாத்தா உனக்கு வீடியோ இல்லாமல் போன் போட்டாள். அவள் வாயைத் திறக்குமுன் நீ அழ, அவள், “தம்பி, மச்சான் இங்கனதான் இருக்காரு” என்று சொல்ல, நீ என்ன சொன்னாய்? “ஆமா லாத்தா, நம்ம கூடத்தான் இருப்பாங்க, எங்கயும் போயிற மாட்டாங்க” என்றாய். அவள் போனை என்னிடம் கொடுத்தாள், நான் உன்னைக் கூப்பிட்டேன், நீ கட் செய்துவிட்டாய். பிறகு தெரிகிறது, இறந்தவர்கள் குரலில் பேசி மோசடி செய்கிறார்கள், எடுக்காதீர்கள் என்று நீயே குழுமத்தில் எச்சரிக்கை போட்டிருக்கிறாய். அதன் பிறகு நான் கூப்பிட்ட ஒருவனும் எடுக்கவில்லை. குரல் பதிவு அனுப்பினேன், ‘ஏ.ஐ. குரல், ஆனால் கோபம் அப்படியே இருக்கிறது, நன்றாகச் செய்திருக்கிறார்கள்’ என்று ஒருவன் பாராட்டியிருக்கிறான். கடைசியில் உன் கமிட்டியில் ஒருத்தன் வீடியோவில் வந்து, தலையை இடதுபக்கம் திருப்பு, வலதுபக்கம் திருப்பு, முகத்துக்குக் குறுக்கே கையை ஆட்டு என்றான். ஆட்டினேன். இன்னொரு தடவை என்றான். கையை வேறு மாதிரி ஆட்டினேன், வைத்துவிட்டான்.

மத்தியானத்துக்கு மேல் நீயே பேசினாய். “தனிப்பட்ட முறையில நம்புறேன் மச்சான். ஆனா அட்மினா இருந்துக்கிட்டு நம்ப முடியாது” என்றாய். அன்றைக்குத்தான் உன் விதி பிறந்தது.

இதற்கிடையில் என் பக்கத்தில் நடக்கும் கூத்தை சுஹா தினமும் வாசிக்கிறாள். நான் செத்த அன்று மாலையே ‘ஆதாரம் தேவை’ காணாமல் போய்விட்டது. முன்கோபி என்றிருந்தது ‘நேர்மையில் சமரசம் செய்யாதவர்’ என்று ஆகிவிட்டது. ஸ்டோர் கீப்பர் வேலை வந்து உட்கார்ந்துவிட்டது, நான் சொல்லிச் சொல்லி வராதது. மறுநாள் வள்ளல் ஆனேன். நேற்றைக்கு நான் புயலில் யாரையோ படகிலிருந்து காப்பாற்றியிருக்கிறேன், எனக்கு நீச்சல் தெரியாது. ஆகையால் என்னைத் திரும்பச் சேர்க்கும்போது படகை வேண்டுமானால் எடுத்துவிடு, மற்றதைத் தொடாதே. உயிரோடு இருக்கிறவனுக்கு இந்த மரியாதை திரும்பக் கிடைக்காது என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று.

இத்தனை ஏசுகிறவனுக்கு அந்தக் குழுமம் எதற்கு என்று கேட்பாய். என்னோடு கிட்டங்கியில் ஒரே அறையில் கிடந்தவர்கள் இன்றைக்குத் திசைக்கு ஒருவராக இருக்கிறார்கள். காலையில் எழுந்தால் ஒருவன் ரோஜாப் பூ போடுவான், அவன் எழுந்துவிட்டான் என்று தெரியும். போடவில்லை என்றால் கவலையாக இருக்கும். அவ்வளவுதான். வேலையை விட்டு வந்தவனுக்கு வேறு எந்த வாசலில் ஸலாம் சொல்ல ஆள் இருக்கிறது? எனக்கு அது வேண்டும் தம்பி, வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்.

ஆனால் அந்த ரத்த உறவுச் சாட்சி மட்டும் முடியாது. ஊரில் இருக்கும் உறுப்பினர்களில் எனக்கு ரத்த உறவு ஒரே ஒருவன், என் தம்பி இர்பான். ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் ஏ.சி. மாட்டி, அதன் வெளிப்பெட்டியை நான் உட்காரும் இடத்துக்கு நேராக வைத்து, அனல் அடிக்கிறது என்று சொன்னதற்கு, “காத்து எங்கிட்டுப் போகணும்னு நானா சொல்ல முடியும்?” என்று கேட்டவன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. அது கிடக்கட்டும். நான் மௌத்தான அன்று பெரியபட்டினத்திலிருந்து ஆள் வருகிறது, ஏர்வாடியிலிருந்து வேன் வருகிறது, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் வரவில்லை. கதவைக்கூடத் திறக்கவில்லை. குழுமத்திலாவது ஒரு இன்னா லில்லாஹி போட்டானா என்று சுஹாவை மேலிருந்து கீழ்வரை தேடச் சொன்னேன். முகம் தெரியாதவன் எல்லாம் போட்டிருக்கிறான், அவன் பேர் இல்லை. நடுவில் ஒரு இடத்தில் ‘அட்மின் நீக்கிய செய்தி’ என்று இரண்டு மூன்று கிடந்ததாம், எவனாவது பிரியாணி விளம்பரம் போட்டிருப்பான். கூடப் பிறந்தவன் செத்ததற்கு ஒரு வரி எழுத மனசு வராதவனிடம் போய், நான் உயிரோடு இருக்கிறேன், கையெழுத்துப் போடு என்று நிற்பேனா? அதற்கு நான் உன் குழுமத்தில் மையத்தாகவே கிடப்பேன். சொல்லப்போனால் அந்த வலிதான் பெரிசு, சீனி முகம்மது செய்தது ஒன்றுமில்லை.

ஆகவே கமிட்டி பெரிய மனசு வைத்து ரத்த உறவு விதியைத் தளர்த்தி, விடுமுறை முடிந்து தோஹா திரும்பும் உன் துணை அட்மின் பர்வேஸின் ஒரு கையெழுத்தோடு இந்த விண்ணப்பத்தை ஏற்று, என்னை மறுபடி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் எல்லாருக்கும் ஸலாம் சொல்லவும். உன் பெண்சாதிக்குத் தொதல் அல்வா கொடுத்து விட்டிருக்கிறேன், உனக்கு இல்லை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், அதை யாரும் கேள்வி கேட்காத நிம்மதியையும் தருவானாக.

இப்படிக்கு,
உன் மச்சான்,
ஹாஜா முகைதீன் (இன்றைய தேதியில் உயிரோடு).

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் தள்ளுபடி. மஃரிப் தொழுகைக்குப் பிறகு பர்வேஸ் கையெழுத்துப் போட வந்தான். இர்பானிடம் நான் போக மாட்டேன் என்று அவனிடமும் சொன்னேன். அவன் பேனாவைத் திறந்துகொண்டே, “இர்பான் காக்கா போட்டாலும் செல்லாதே காக்கா. அவங்கதான் மெம்பரே இல்லையே. ஒங்களத் தூக்குன அன்னைக்கே அவங்களையும் தூக்கியாச்சுல்ல?” என்றான். “என்னத்துக்குடா?” என்றேன். “ஒங்க மௌத்தக் கேலி பண்ணுறாங்கன்னு நவாஸ் காக்காதான் தூக்குனாங்க” என்றான். அழிப்பதற்கு முன்னால் எடுத்து வைத்த படம் அவன் போனில் இருந்தது.

இர்பான் எழுதியதை அப்படியே எழுதுகிறேன், நீயே அழித்ததால் உனக்கு மறந்திருக்கும். ‘எங்க காக்கா மௌத்தாகவில்லை. பக்கத்தில் தண்ணி மோட்டாரை ஏசிக்கொண்டிருக்கிறார், எனக்குக் கேட்கிறது.’ அதற்குக் கீழே ஒருவன், ‘ஏ.சி. தகராறை மையத்து வீட்டிலுமா காட்டுவது?’ என்று கேட்டிருக்கிறான். இர்பான் மறுபடி, ‘மோட்டார் ஓடிவிட்டது. இப்போது பல் விளக்குகிறார், காறுகிற சத்தம் கேட்கிறது.’ மூன்றாவதாக, ‘சுஹாவுக்கு லைன் கிடைக்கவில்லை. யாரும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், பிள்ளை பயந்துவிடும்.’ அதோடு நீ அவனைத் தூக்கிவிட்டாய். ஊரே என்னைக் குழியில் வைத்துக்கொண்டிருந்தபோது ஒரே ஒருவன் சுவரில் காதை வைத்துக்கொண்டு நான் இருக்கிறேன், இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறான், அவனை நீ வாயை மூடச் செய்துவிட்டு, இப்போது ரத்த உறவின் சாட்சி கொண்டு வா என்று என்னைக் கேட்கிறாய்.

எழுந்து போய் அவன் கதவைத் தட்டினேன். திறந்தான். ஏன்டா அன்னைக்கி வரலை என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. “உசுரோட இருக்கிறவங்களுக்குத் துக்கம் கேக்க வரவா காக்கா?” என்றான். வாசலிலேயே நின்றேன். உள்ளே வாங்க என்றான். போனேன். ஏ.சி.யை நிறுத்தினான், நான் போடச் சொன்னேன்.

என்னைச் சேர்க்க வேண்டாம். என் பக்கத்தையும் அப்படியே விட்டுவிடு, படகு இருந்துவிட்டுப் போகட்டும். கீழே நாலு வரி இடம் விட்டிருக்கிறேன், அதில் இர்பான் எழுதுகிறான்:

மச்சான், ஸலாம். காக்கா நல்லாத்தான் இருக்காங்க. எங்க வீட்டுலதான் உக்காந்து, டீல சீனி பத்தலன்னு என்னைய ஏசிக்கிட்டு இருக்காங்க. என்னைய மறுபடி சேத்தாலும் நான் இதையேதான் எழுதுவேன். – இர்பான்.